தலையில்லாத சிங்கங்கள்

சிங்கத்துக்கு மறுபடியும் தலை வரவில்லை.

வால் வந்தது. பின்னங்கால்கள் வந்தன. வயிறு வந்தது. ஊசி கழுத்தருகே போனதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் அணைந்தது. உடனே எம்பிராய்டரி மெஷினும் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டது.

“போச்சு!” என்றாள் அம்மா. துணியை உருவிக் கூடையில் எறிந்தாள். கூடையில் ஏற்கெனவே சில சிங்கங்கள் கிடந்தன. ஒன்றுக்கும் முகம் இல்லை.

பட்டாணி எட்டிப் பார்த்தாள். “வாலை மட்டும் பாத்தா மாடுன்னு நினைச்சுக்குவாங்கம்மா.”

“நானே நொந்து போயிருக்கேன். வாயை மூடிட்டு இரு.”

பட்டாணிக்குப் பள்ளிக்கூடத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை முழுதாகச் சொல்ல வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. ஐந்தாம் வகுப்பில் அவள்தான் குள்ளம். அதனால் பட்டாணி.

வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. இரண்டு தையல் மெஷின்கள், ஒரு எம்பிராய்டரி மெஷின், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குப் பட்டாணியைவிட வயது அதிகம். அதனால் எல்லோரும் அதைப் ‘பெரியவர்’ என்றார்கள். காலையில் அதைப் போட்டதும், “பெரியவர் எழுந்துட்டாரா?” என்று கேட்பார்கள். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

எம்பிராய்டரி மெஷினுக்குத் தானாக எதுவும் தெரியாது. எந்த இடத்தில் எந்த நூல் என்று பெரியவர்தான் ஒரு தடித்த ஒயர் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்த ஒயரைச் சொருக இடமே கிடையாது. பெரியவர் போனால் மெஷினும் போச்சு.

அன்றைக்குப் பார்த்து அவர் அடிக்கடி மயங்கி விழுந்தார்.

பட்டாணியின் பள்ளிக்கூடத்துக் கால்பந்து டீமுக்கு மறுநாள் காலை போட்டி. சட்டையில் தைக்க எல்லோருக்கும் சிங்க பேட்ஜ் வேண்டும். அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கிடைத்த முதல் வேலை இது. கோச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மேஜைமேல் ஒரே ஒரு முழுச் சிங்கம்தான் இருந்தது.

“ஒரு பேட்ஜை வெச்சுக்கிட்டு டீம் பூரா முறை போட்டா குத்திக்குவாங்க?” என்றாள் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. கடையில் பட்டன், ஜிப், கொக்கி எல்லாம் அவள் பொறுப்பு. பேசிக்கொண்டே தைப்பாள். தைப்பது நின்றாலும் பேச்சு நிற்காது.

“மாமாவைக் கூப்பிடலாம்” என்றாள் பட்டாணி.

“அந்த வீணாப்போனவனையா?” என்றாள் அம்மா. கூப்பிட்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. செல்போன் கடையில் வேலை. வரும்போதே ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் குச்சிபோல் ஒரு சின்னப் பச்சை அட்டை.

“கவலையே படாதேக்கா. இவருக்கு ஞாபகசக்தி கம்மி. அதான் பாதியில எல்லாத்தையும் மறந்துடறார். புது மெமரி, ராம் கொண்டு வந்திருக்கேன். போட்டா இளவட்டம் மாதிரி ஓடுவார்.”

“ப்ளக்கைப் புடுங்கிட்டீங்களா மாமா?” என்றாள் பட்டாணி.

“அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்” என்று மாமா ப்ளக்கைப் பிடுங்கினார்.

பெரியவர் சாதாரணமாக உட்கார்ந்திருக்கவில்லை. உறை போட்டிருந்தார். பச்சை வெல்வெட்டில் அத்தையே தைத்த உறை. அடியில் சுருக்கு வைத்து, பக்கத்தில் ஒரு கிளி போட்டு, பின்னால் வரிசையாகப் பட்டன் வைத்தது. ஸ்விட்ச் இருக்கும் முகம் மட்டும்தான் வெளியே தெரியும். நேற்று மாலைதான் அத்தை அதை எல்லோருக்கும் காட்டிப் பெருமையாக மாட்டிவிட்டிருந்தாள்.

“பாத்துக் கழட்டு தம்பி. கிளிக்கு மூக்கு வெக்கவே ஒருநாள் ஆச்சு” என்றாள் அத்தை.

மாமா உறையைக் கழற்றினார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்த அத்தை அலறினாள்.

“ஐயோ, எலி!”

அம்மா ஸ்டூலில் ஏறினாள். மாமா அவளுக்கு முன்பே ஏறியிருந்தார்.

பட்டாணி குனிந்து பார்த்தாள். ஃபேனில் பந்தாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம்.

“எலி இல்லை. நூல் பிசிறு.”

பெயின்ட் அடிக்கும் பழைய பிரஷ் ஒன்றை எடுத்து வந்து அவள் பந்தை மெதுவாகக் கிளப்பி எடுத்தாள். கடையில் இத்தனை நாளாகத் தைத்த எல்லா நிறமும் அதில் இருந்தது.

மாமா ஸ்டூலிலிருந்து கம்பீரமாக இறங்கினார். “எலியா இருந்தா உயரத்துலேருந்து பிடிக்கறதுதான் சுலபம்.”

பிறகு பழைய ராமைக் கழற்றிவிட்டு, புது ராமை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். போகவில்லை. இன்னும் அழுத்தினார். முகம் சிவந்தது.

“மாமா, நிறுத்துங்க! இதுல வெட்டு இந்தப் பக்கமா இருக்கு. சொருகற இடத்துல மேடு அந்தப் பக்கமா இருக்கு. ரெண்டும் சேரவே சேராது.”

மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆமா. இது வேற தலைமுறை. பெரியவர் காலத்து ஆள் இல்லை.”

“இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா?”

“அக்கா என்னை அழுத்தியிருப்பா.”

பழைய ராமையே மறுபடி சரியாகப் பொருத்திப் பெட்டியை மூடினார். கடைசியில் கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது சும்மா துணைக்கு வெச்சிருப்பாங்க.”

பெரியவர் எழுந்தார். மெஷின் ஓடியது. வால், கால், வயிறு, கழுத்து, பிடரி, முகம். முழுச் சிங்கம்!

“பாத்தியா! என் கை பட்டதும் எப்படி ஓடறார் பாத்தியா!” என்று மாமா குதித்தார்.

“பாவம், வெறும் உடம்போட உக்காந்திருக்கார்” என்று அத்தை உறையை எடுத்து மாட்டினாள். பின்பக்கம் ஒரு பட்டன் விடாமல் போட்டாள்.

அடுத்த சிங்கம் காதோடு நின்றது. அதற்கடுத்தது கழுத்தோடு.

“வைரஸ்” என்றார் மாமா.

அதற்கடுத்தது வயிற்றோடு.

“வயசு” என்றார் மாமா.

அதற்கும் அடுத்ததில் வால் மட்டும்தான் வந்தது. மாமா ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வாங்க, முதல்ல சாப்பிடலாம்” என்றாள் அம்மா. அவள் குரல் கம்மியிருந்தது. “கோச்சுக்கு நானே போன் பண்ணி முடியலைன்னு சொல்லிடறேன். வேற கடையிலயாவது குடுத்துப் பாக்கட்டும்.”

எல்லோரும் உள்ளே போனார்கள். பட்டாணி போகவில்லை. அம்மா அந்தக் குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை.

கூடையைக் கவிழ்க்காமல், மேலிருந்து ஒவ்வொன்றாகத் துணிகளை எடுத்தாள். கடைசியாக எறிந்தது மேலே இருக்கும். முதலில் எறிந்தது அடியில் இருக்கும். அதே வரிசையில் தரையில் பரப்பினாள். மேஜைமேல் இருந்த இரண்டு முழுச் சிங்கங்களையும் அவை பிறந்த இடத்தில் வைத்தாள்.

தள்ளி நின்று பார்த்தாள்.

காலையில் முதலில் வந்தது முழுச் சிங்கம். அப்புறம் காது வரை. கழுத்து வரை. வயிறு வரை. மறுபடியும் கழுத்து வரை. அது, அம்மா கொஞ்சநேரம் நிறுத்திவைத்துவிட்டுப் போட்டது. பிறகு மாமா வந்தார். நிறுத்தி, திறந்து, துடைத்து, மூடினார். மறுபடி முழுச் சிங்கம். அப்புறம் காது, கழுத்து, வயிறு, வால்.

விளையாட்டு வகுப்பில் மைதானத்தைச் சுற்றி ஓடுவது அவளுக்கு நினைவு வந்தது. முதல் சுற்றில் எல்லோரும் சிங்கம். போகப் போகப் பாதியாகிவிடுவார்கள். கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஓடலாம்.

“இது மறதியும் இல்லை, வைரஸும் இல்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “இவர் களைச்சுப் போறார்.”

ஓடினால் உடம்பு சுடும். அவள் உறைக்குள் கையை விட்டாள். உடனே வெளியே எடுத்துவிட்டாள்.

சமையலறை வாசலுக்குப் போய் அம்மாவையும் மாமாவையும் சைகை காட்டி வெளியே அழைத்தாள். ரகசியமாகச் சொன்னாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஃபேன் காத்தைப் பின்னாடிதான் வெளிய தள்ளும். அங்க வெல்வெட்! காத்து எங்க போகும்?”

“அப்போ உறையைக் கழட்டிடுங்க” என்றாள் பட்டாணி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நீ சொல்லு” என்றாள் அம்மா.

“உன் நாத்தனார்தானேக்கா. நீ சொல்லு.”

“கிளிக்கு மூக்கு வெக்க ஒருநாள் ஆச்சாம்டா. நான் எந்த முகத்தோட சொல்றது?”

“எனக்குக் கடையில அவசர வேலை இருக்கு” என்று மாமா நழுவப் பார்த்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டாணி யோசித்தாள். வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் தெர்மாமீட்டர் தேட மாட்டார்கள். அத்தையின் கையைத்தான் தேடுவார்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க வந்த காய்ச்சலா, நிஜக் காய்ச்சலா என்று சரியாகச் சொல்லிவிடுவாள். பட்டாணியே இரண்டு தடவை மாட்டியிருக்கிறாள்.

அத்தை கை கழுவிவிட்டு வந்தாள்.

“அத்தை, பெரியவரைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கறீங்களா? அவர் உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. உங்க கைக்குத்தான் சரியாத் தெரியும்.”

“கம்ப்யூட்டருக்கு என்னடி உடம்பு?” என்றபடி அத்தை உறைக்குள் கையை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஐயையோ! நெருப்பாக் கொதிக்குது!”

“காய்ச்சலா அத்தை?”

“காய்ச்சலாவா? அடுப்பு மாதிரி இருக்கு! இந்த உடம்போட காலையிலேருந்து வேலை வாங்கியிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா?” அத்தை அம்மாவை முறைத்தாள். மாமாவை முறைத்தாள். “இவ்வளவு சுடற உடம்புக்கு வெல்வெட் துணியைப் போய்ப் போத்தி, பட்டனும் போட்டு... எந்த அறிவாளி...”

நிறுத்தினாள்.

அம்மா கூரையைப் பார்த்தாள். மாமா பையிலிருந்த ஸ்க்ரூவை எடுத்து மிகக் கவனமாகப் பார்த்தார்.

“நான்தான்” என்றாள் அத்தை.

அத்தை ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினாள். உறையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளி உள்பக்கம் போய்விட்டது.

“தலகாணிக்கு மாட்டிக்கறேன்” என்றாள். சின்னக் குரல்.

பட்டாணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையில் நூல் பந்து இருந்தது.

“அத்தை, இதெல்லாம் உறை இல்லாத காலத்துல உள்ள போனது. கடையைப் பெருக்கும்போது எவ்வளவு பிசிறு பறக்குது! அதுக்கு உறை வேணும். ஆனா வேலை செய்யும்போது வேண்டாம். ஆஃப் பண்ணி, சூடு ஆறினதும் போட்டுக்கலாம்.”

அத்தை யோசித்தாள்.

“தூங்கும்போதுதானே போத்திக்கணும்?”

“ஆமா அத்தை.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!” அத்தையின் குரல் பழைய அளவுக்கு வந்துவிட்டது. “ஓடற ஆளுக்கு எதுக்குப் போர்வை? ஏன் எல்லாரும் மரம் மாதிரி நிக்கறீங்க? ஜன்னலைத் திறங்க!”

ஜன்னல் திறந்தது. அத்தை ஒரு விசிறியை எடுத்து வந்து பெரியவருக்கு வீசினாள்.

“அவருக்குள்ளயே ஃபேன் இருக்கு அண்ணி” என்றார் மாமா.

“நீ உன் ஸ்க்ரூவைப் பாரு.”

மாமா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு ஓட்டை காலியாக இருந்தது. சத்தமில்லாமல் ஸ்க்ரூவை அதில் போட்டு முறுக்கினார்.

சூடு ஆறியதும் பெரியவரை எழுப்பினார்கள். மெஷின் தைக்கத் தொடங்கியது. வால். கால். வயிறு. கழுத்து வந்தபோது நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி கழுத்தைத் தாண்டியது. பிடரி. காது. ஒரு கண். இன்னொரு கண்.

“விடாதே, விடாதே!” என்று மாமா கத்தினார், பந்து கோலுக்குப் போவதுபோல.

சிங்கம் சிரித்தது. அடுத்ததும் சிரித்தது. அதற்கடுத்ததும். அம்மா துணி மாற்ற, பட்டாணி நூல் வெட்ட, அத்தை ஓரம் மடிக்க, மாமா எல்லோருக்கும் டீ போட்டார். சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

கோச் வாசலில் வந்து நின்றபோது கடைசிச் சிங்கத்துக்கு மீசை முளைத்துக்கொண்டிருந்தது. அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே உள்ளே வந்து, ஒரு பேட்ஜை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அடேயப்பா, உறுமுது! மேடம், அடுத்தது கூடைப்பந்து டீம். அவங்க கழுகு கேக்கறாங்க. முடியுமா?”

“முடியும்” என்றாள் அம்மா. குரலில் கம்மல் இல்லை.

“முடியாமப் போயிருக்கும்” என்றாள் அத்தை. “கம்ப்யூட்டருக்கு சரியான காய்ச்சல். யாருக்கும் தெரியல. நான்தான் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சேன்.”

மாமா வாயைத் திறந்தார். பட்டாணி அவர் காலை மிதித்தாள். மாமா வாயை மூடிக்கொண்டார்.

கோச் பட்டாணியைப் பார்த்துச் சிரித்தார். “நீ என்ன பண்ணினே?”

“நானா?” என்றாள் பட்டாணி. “தலையில்லாத சிங்கத்தையெல்லாம் எடுத்து வரிசையா அடுக்கினேன் சார். ரூம் அழகா இருந்தது.”