ஒன்பது சதவீத வெயில்

மார்கழி இருபதாம் தேதி, காலை 10.40க்கு உத்திரமேரூர் போலீஸ் நிலையத்துக்கு ஒரு களவுப் புகார் வந்தது. காணாமல் போனது வெயில்.

சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்ச்செல்வி இதற்கு முன் ஆடு, தண்ணி மோட்டார், ஒரு தடவை கூரையோடு ஒரு மாட்டுக் கொட்டகை வரைக்கும் தேடிப் பிடித்தவள். வெயிலைத் தேடியதில்லை. ஆனாலும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

11.15. பெருநகர் சாலையில் நூறு ஏக்கர் சூரிய மின் பண்ணை. முதலாளி எத்திராஜ் வாசலிலேயே காத்திருந்தார். பண்ணையை மும்பைக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கப் போகிறது. சாயங்காலம் நாலு மணிக்குக் கையெழுத்து. வாங்குகிறவர்களின் வக்கீல் சுபாஷ்ரீ, ஒரு மாதத்து வரைபடத்தை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"விழற வெயிலுக்கு வரவேண்டிய கரண்ட் வரலை, மேடம். தினமும் பதினொண்ணுலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் ஒன்பது சதவீதம் குறையுது. காரணம் தெரியாம எங்க கம்பெனி கையெழுத்துப் போடாது."

"காரணம் இதோ நிக்கிது!" எத்திராஜ் ஒருவனைப் பிடித்து முன்னால் தள்ளினார். ஆபரேட்டர் சுகுமார். "கள்ள ஒயர் போட்டு எவனுக்கோ கரண்டை வித்துக்கினு கீறான். ஞாயித்துக்கிழமை மட்டும் குறையறதில்ல. ஞாயிறு இவனுக்கு லீவு. நாலு மணிக்குள்ள உள்ள தள்ளுங்க."

சுகுமாருக்குத் தை பிறந்தால் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. "ஒரு பல்பு கூட எடுத்ததில்ல, மேடம்," என்று அழுதான்.

கள்ள ஒயரைத் தேடி இஞ்சினியர்கள் எட்டுப் பேர் ஒரு வாரம் தோண்டியிருந்தார்கள். இரண்டு உடும்பும் ஒரு பழைய செருப்பும் கிடைத்தன.

தமிழ்ச்செல்வி வரைபடத்தில் விரலை வைத்தாள். "ஞாயிறு இல்லாத மூணு நாள்லயும் குறையலையே?"

"அது மூட்டம் போட்ட நாளு, மேடம்," என்றான் சுகுமார்.

"மூட்டம்னா திருடனுக்கும் லீவா?"

எத்திராஜ் இருமினார்.

"சரி, இவ்வளவு வெயில் விழுந்துதுன்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"ஆபீஸ் மொட்டை மாடில ஒரு கண்ணாடிக் குமிழ் கீது. அதுதான் அளக்கும். காலைல ஏழு மணிக்கு நான் தொடைப்பேன். பொறவு யாரும் அதுகிட்ட போறதில்ல," என்றான் சுகுமார்.

11.50. மொட்டை மாடி. கறுப்புத் தண்ணித் தொட்டி ஒன்று. அதற்கு முன்னால் முழங்கால் உயரக் கம்பத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழ். தொட்டியில் சாய்த்து வைத்த ஆறு எவர்சில்வர் தாம்பாளங்கள். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படித் தேய்த்திருந்தது. ஒவ்வொன்றின் அடி ஓரத்திலும் இரண்டே இரண்டு வடகம்.

"யாருது இது?"

"சமையல் முனியம்மாக்காவுது. ஒரு மாசமா காயுது. ஒரு நாளாவது பொரிச்சுப் போட்டாங்களான்னு கேளுங்க."

தமிழ்ச்செல்வி ஆறு தாம்பாளத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டு, சுகுமாரைக் கீழே கம்ப்யூட்டரைப் பார்க்க அனுப்பினாள்.

12.20. கீழேயிருந்து கூவல். "மேடம்! ஒன்பது சதவீதம் திரும்பி வந்துடுச்சு!"

1.00. சாப்பாட்டு அறை. எத்திராஜும் சுபாஷ்ரீயும் உட்கார்ந்திருக்க, முனியம்மாள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வெயில் திருடு போகல," என்றாள் தமிழ்ச்செல்வி. "கூடுதலா சேர்த்திருக்காங்க. தாம்பாளத்துல பட்ட வெயிலும் தெறிச்சுக் குமிழ்மேல விழுது. குமிழ் கணக்கை ஏத்திக் காட்டுது. ஆனா பண்ணைல விழறது எப்பவும் போல அதே வெயில், வர்றதும் அதே கரண்ட். அதான் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. மூட்டத்துல தாம்பாளம் பளிச்சிடாது. ஞாயித்துக்கிழமை சமையலும் லீவு. எல்லாரும் மண்ணைத் தோண்டினீங்களே தவிர, ஒண்ணை யோசிக்கல. மார்கழிப் பனில எந்தப் பொம்பளை வடகம் போடுவா? அதுவும் ஆறு தாம்பாளத்துக்குப் பன்னெண்டு? இல்லியா, முனியம்மாக்கா?"

முனியம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அப்பாடா! மாசம் ஒண்ணாச்சு. வந்தது பூரா ஆம்பளைங்க. வடகத்தைப் பார்த்துட்டு, எப்போ பொரிப்பேன்னு கேட்டுட்டுப் போனானுங்க."

"புடிபடணும்னேதான் பண்ணியா?"

"பின்ன இன்னா? குமிழ்கிட்ட பளபளன்னு எதையும் வெக்காதேன்னு அதை மாட்ட வந்த ஆளு என்கிட்ட கத்தினான். வெச்சா இன்னா ஆவும்னு அன்னிக்கே கேட்டுக்கினேன்."

"இவனை உள்ள தள்ள இருந்தாங்களேக்கா!"

"உட்ருவனா? விலங்கை எடுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"இவளைப் புடிங்க மேடம்!" எத்திராஜ் எழுந்தார்.

"எந்தப் பிரிவுல சார்? வெயிலைக் கூட்டினதுக்கா? உக்காருங்க. அக்கா, எதுக்குப் பண்ணே?"

"நாலு வருசமா மனு எழுதிக் குடுத்தேன். எவரும் காது குடுக்கல. திருட்டுன்னு சொன்னதும் வக்கீலம்மா நோட்டைத் தொறந்துகினு கீறாங்க பாரு. எழுதிக்கம்மா. இந்தப் பண்ணை கரண்டெல்லாம் வெளிய போற டிரான்ஸ்பார்மர் நிக்குதே, அந்த ரெண்டு ஏக்கர் எம் புருசன் சடையப்பனோடது. பேங்க் வேலைன்னு சொல்லி, நிலத்தை விக்கற பவர் பத்திரத்தை இந்த எத்திராஜு எழுதி வாங்கினான். அவரு புரட்டாசில செத்தாரு. இவன் ஐப்பசில அதே பத்திரத்தை வெச்சுத் தன் கம்பெனிக்கே வித்துக்கினான்."

சுபாஷ்ரீயின் பேனா நின்றது. "எழுதிக் கொடுத்தவர் இறந்துட்டா அந்தப் பத்திரம் செல்லாது. அந்த இடம் இல்லைன்னா நாங்க வாங்கறது வெறும் கண்ணாடிதான்."

"அவர் செத்தது எனக்குத் தெரியவே தெரியாதும்மா!" எத்திராஜ் நெஞ்சில் கை வைத்தார். "நான் அப்ப ஊர்லயே இல்ல. நல்ல எண்ணத்துல வித்தேன்."

"தெரியாம வித்திருந்தா வாதாட இடம் இருக்கு," என்று சுபாஷ்ரீ மெல்லச் சொன்னாள். எத்திராஜ் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. ஒரு வாய் சோறு கூட அள்ளினார்.

முனியம்மாள் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தாள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. மூலையில் தபால்தலை அளவுக்குச் சடையப்பன். நடுவில் கூலிங்கிளாஸ் போட்டு, கைகூப்பி, ஆள் உயரத்துக்கு எத்திராஜ். கீழே மறைவுத் தேதி: 28.9.2020. அதற்கும் கீழே, 'மீளாத் துயரில், உங்கள் எத்திராஜ்.'

"அவரு செத்த மறுநாளே ஊர் பூரா ஒட்டினது நீதானே எத்திராஜு? பசை காயறதுக்குள்ள ஒண்ணை உரிச்சு வெச்சேன்."

சுபாஷ்ரீ கைப்பேசியில் அதைப் படம் பிடித்து மும்பைக்கு அனுப்பினாள். பிறகு தன் கோப்பைக் கட்டினாள். வாசலில் நின்ற சுகுமாரைப் பார்த்து, "போய்ப் பத்திரிகை வைடா," என்றாள் தமிழ்ச்செல்வி. எத்திராஜ் பக்கம் திரும்பினாள். "எழுந்திரிங்க சார். ஜீப் ரெடியா கீது."

"இரும்மா," என்று முனியம்மாள் அவர் இலையில் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள். "மெதுவா சாப்புடட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."