ஊசிக் கம்பிகளின் மறுமுனை

சிகிச்சை அறையின் வாசலில் கிடந்த மூன்று சோடிக் காலணிகளுள் தம்முடையது எதுவென்று ஆலை மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. கழற்றிப்போட்டுச் சற்று நேரந்தான் ஆகியிருந்தது.

உள்ளே ஊசி துடைக்கும் ஸ்பிரிட் நெடி வீசிற்று. கட்டிலில் தங்கை கணவன் கண்மூடிக் கிடந்தான். அவன் உச்சியிலும் நெற்றியிலும் குத்தியிருந்த மெல்லிய ஊசிகளிலிருந்து கம்பிகள் இறங்கி, மேசைமீது டிக், டிக்கென்று துடிக்கும் சிறு மின்கருவியில் முடிந்தன. கருவியருகே டாக்டரம்மா நின்றிருந்தார்; கட்டிலருகே தங்கை.

ஆலையின் கதிர்வீச்சுக் கூடத்தில் அபாயமணி அலறியபோது, மணிதான் பழுது என்று சொல்லி, அதை நிறுத்திவிட்டு அவனை உள்ளே அனுப்பியவர் அவரே. கதவு பூட்டிக்கொண்டது, அவர் உடனே திறக்கவுமில்லை. தடுத்தும் கேளாமல் போனான் என்று விசாரணையில் சாதித்துவிட்டார். பிழைத்தவனுக்கு மூளை மங்கிற்று. அந்த மறதியே அவருக்கு அரண். ஆகவேதான், மின்னூசியால் நினைவு தெளியும் என்று தங்கை அவனை இங்கே அழைத்துவரத் தொடங்கியதுமுதல், அக்கறை என்ற பெயரில் அவரும் உடன்வந்து காவலிருந்தார்.

"அண்ணே, இவர் இன்னிக்கு என்ன சொன்னார் தெரியுமா?" என்று தங்கை சிரித்தாள். "பள்ளிக்கூட மொட்டை மாடியில திருட்டு சிகரெட் பிடிச்சு சட்டைய ஓட்டை பண்ணிட்டாராம். அத ஒளிச்சு வச்சுட்டு, சட்டையக் காணோம்னு ஊரையே கூட்டி அழுதாராம். கல்லுளிமங்கன், எங்கிட்ட மூச்சு விடல பாரேன்!"

மேற்பார்வையாளர் சட்டென எழுந்தார். அது அவருடைய கதை. எவரிடமும் சொல்லாதது. அந்தச் சட்டையை நினைத்துப் பார்த்தார், நிறம் வரவில்லை.

"நீலக் கட்டம், மச்சான்," என்றான் அவன், கண்திறவாமலே.

நிறம் இருந்த இடத்தில் வேறொன்று ஊறியது. நாக்கில் உலோகச் சுவை. பிடரியில் இளஞ்சூடு. அவர் ஒருபோதும் நுழைந்தறியாத கூடத்தின் உறுமல், உட்புறமிருந்து.

"மெஷினை நிறுத்துங்க, டாக்டரம்மா!"

"நல்லா பலன் தெரியுற நேரத்துலயா? உட்காருங்க சார், நீங்க வேற!"

"கொஞ்சம் கூட்டியே வைங்க," என்றான் அவன். "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. மச்சான் தாங்குவாரு."

துடிப்பு விரைந்தது. அவருடைய வீடு போயிற்று. மனைவியின் முகம். மகனை அழைக்கும் பெயர். தாம் இட்ட அந்த ஆணையை மட்டும் பற்றிக்கொண்டார். அதுவும் நழுவியது.

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லாம் வந்துடுச்சு," என்று மனைவியிடம் மெல்லச் சொன்னான். "மணிய யார் நிறுத்தினாங்க, யார் என்னை உள்ள அனுப்பினாங்க, நான் கதவத் தட்டத் தட்ட யார் வெளிய நின்னு பார்த்தாங்க... எல்லாத்தையும் உங்க அண்ணன் கண்ணாலேயே பார்த்துட்டேன்."

"அண்ணே... நெசமா?"

யார் இந்தப் பெண்?

வெப்பம். வெளிச்சம். கூடத்தின் பூட்டிய கதவு. அவர் ஓடினார். கதவை அறைந்தார். தலையைப் பிடித்தார், கைநிறைய மயிர் வந்தது.

கதவில் ஒரு சிறு கண்ணாடி. அதற்கு அப்பால், தலையில் ஊசிகள் நிமிர்ந்து நிற்க, ஒருவன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனருகில் அந்தப் பெண். அவள் நெடுநேரம் அசையாது நின்றாள். பின்னர்க் கையை உயர்த்தி, கண்ணாடிமீது திரையை இழுத்துவிட்டாள்.