பூட்டிய வீட்டில் தண்ணீர் ஓடுகிறது!

அத்தானின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

'எடுங்க... எடுங்களேன்!'

மாநகராட்சியின் குடிநீர்க் கட்டுப்பாட்டு அறையில், திரையைப் பார்த்தபடி நகம் கடித்தாள் அவள். மீட்டர் மாட்டிய வீடுகள் எல்லாம் அதில் பச்சைப் புள்ளிகள். எங்கே குழாய் உடைந்தாலும், தண்ணீர் கெட்டாலும் வீட்டுக்காரர் புகார் சொல்லும் முன்பே மீட்டர் சொல்லிவிடும்!

அந்தத் திட்டத்துக்கு விருது வாங்கிய தலைமைப் பொறியாளர்தான் அத்தான். அக்காவின் கணவர்.

அக்கா?

போன மாதம் எவனோடோ ஓடிப்போய்விட்டாள். அத்தான்தான் கண்ணீரோடு சொன்னார். அவமானத்தில் அப்பா படுத்த படுக்கையானார்.

"என்னம்மா? மீட்டிங்ல இருக்கேன்!"

"அத்தான்... உங்க வீட்டுல தண்ணி ஓடுது!"



"எங்க தெருவுக்கு இன்னும் மீட்டரே வரலையே?"

"நேத்து மாட்டிட்டாங்க அத்தான். கேட்டுக்கு வெளியில."

"லீக்கா இருக்கும். விட்டுத்தள்ளு!"

"லீக்னா நிக்காம ஓடணுமே? இது விட்டு விட்டு ஓடுது. யாரோ குழாயைத் திறந்து திறந்து மூடுறாங்க... வீட்டுல யாரு அத்தான்?"

டொக்!

இணைப்பு அறுந்தது.

திரும்ப அழைத்தாள்; அவர் எடுக்கவில்லை. போலீசைக் கூப்பிட்டாள்.

ஜீப்பில் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் அந்த ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓடியது... நின்றது... ஓடியது...

நின்றேபோனது!

"சார்! வேகமா போங்க சார்!"

கதவைத் திறந்த அத்தான் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். சிரித்தார்.

"வாஷர் போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

"டையைக்கூட கழட்டாமலா?"

கேட்டபடியே இன்ஸ்பெக்டர் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தார்.

பின்பக்கக் குளியலறை. வெளியே பூட்டு.

உடைத்தார்கள்.

"அக்கா...!"

வீறிட்டாள்.

ஈரத் தரையில் அக்கா கிடந்தாள். கைகள் கட்டப்பட்டு... வாயில் துணி அடைத்து...

துணியைப் பிடுங்கிக் கன்னத்தில் தட்டினாள். இமைகள் துடித்தன. உயிர் இருந்தது!

"நான் யாரோடயும் ஓடலடி..." அக்கா இருமினாள். "குடிசைப் பகுதியில தண்ணி கெட்டுப்போச்சுன்னு கருவி காட்டிச்சு. விருது போயிடுமேன்னு அளவை மாத்திட்டாரு. குழந்தைங்க ஆஸ்பத்திரியில கிடக்குதுங்க. வெளியில சொல்லிடுவேன்னேன்... அடைச்சுட்டாரு."

 குடிசைப் பகுதியின் பச்சைப் புள்ளிகளை, 'எல்லாம் சரி' என்று தினமும் கடந்து போனவள் தங்கைதான்.

"நேத்து வெளியில மீட்டர் மாட்டுற ஆளுங்க பேச்சு கேட்டுச்சு. கத்தினேன். ட்ரில்லிங் சத்தத்துல எடுபடல. அப்புறந்தான் குழாய் ஞாபகம் வந்துச்சு... இப்பத்தான் ஓடி வந்து கையைக் கட்டி வாயை அடைச்சாரு."

விலங்கு மாட்டிய கைகளோடு அத்தான் உறுமினார்.

"மீட்டரைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வருஷக்கணக்கா சோத்துத் தட்டு முன்னாடி அதைச் சொல்லித்தானே உசுர வாங்கினீங்க? சும்மா தலையாட்டுறேன்னு நினைச்சீங்க... பாவம், நான் கேட்டுக்கிட்டும் இருந்துட்டேன்!"