கடைசிப் பெட்டியின் மணல் மூட்டை

மெஷின் மூன்றாவது முறையும் சிவப்பு காட்டியது. நுழைவாயிலில் நின்ற சீருடைப் பெண், ஷ்யாம்சுந்தரின் போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மிக மரியாதையாகச் சொன்னாள்.

"சார், இது எங்க ஹைதராபாத் பார்க் டிக்கெட்."

வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஷ்யாம்சுந்தர் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான். அவமானம் வந்து சேர்வதற்குள் முந்திக்கொண்டு சிரித்துவிடுவது அவன் வழக்கம். நாற்பத்தோரு வயதுக்குள் அதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தான். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பதற்காக ஒரு கம்பெனி அவனை வேலைக்கு வைத்திருந்தது. அப்பேர்ப்பட்டவன், எந்த ஊர் என்று கேட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருக்கிறான்.

"இங்கே இன்னைக்கு ஏதாவது..."

"ஹவுஸ்ஃபுல் சார். அடுத்த மாசம்தான்."

பத்து வயது ஸஹானா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மூன்று மாதமாகக் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தவள், மதிலுக்கு மேலே தெரிந்த ரோலர் கோஸ்டரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவால்லப்பா" என்றாள்.

செங்கல்பட்டிலிருந்து திரும்பும் வழியெல்லாம் காருக்குள் ஏ.சி. மட்டும்தான் பேசியது. பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நின்றபோது மிருதுளா வாயைத் திறந்தாள்.

"ஹைதராபாத்ல மூணு சீட்டு நமக்காகக் காத்துட்டிருக்கும், பாவம்."

மனைவி சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதுவும் நியாயமாகச் சொன்னால். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய பக்கத்தில்தான் அந்த வளைவு தெரிந்தது. பெயின்ட் உரிந்த சிமென்ட் யானை ஒன்று தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பூஞ்சிட்டு பார்க்.

பெரிய பார்க் என்பது ஆயுளில் ஒருமுறை போய், ஃபோட்டோ எடுத்து, ஊருக்கெல்லாம் காட்டுகிற இடம். பூஞ்சிட்டு அப்படியில்லை. பம்மலிலிருந்தும் சேலையூரிலிருந்தும் தயிர்சாத டப்பாவோடு வருவார்கள். அடுத்த ஞாயிறும் வருவார்கள். ராட்டினம் ஓட்டுகிறவர்கள் குழந்தைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"ஒரே ஒரு ரைடு" என்று ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

மணி பன்னிரண்டரை. மேகம் கவிந்து வெளிச்சம் சாம்பலாகியிருந்தது. உள்ளே கிரீஸும் பாப்கார்ன் எண்ணெயும் நனைந்த மணலும் கலந்த ஒரு வாடை அடித்தது. ஸஹானா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் டிராகன் ரயில் முன்னால் நின்றாள். பச்சைத் தலை, பத்துப் பெட்டி, பின்னால் மலை மாதிரி கட்டிய ஒரு குகை. அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது.

"அப்பா, இது ஓகே."

இந்த ஓகேவுக்காக அவன் குகையையே தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

ஆனால் ரயில் நிரம்பியிருந்தது. காலியாக இருந்தது கடைசிப் பெட்டி மட்டும்தான். அதுவும் காலியில்லை. அங்கே ஒரு மணல் மூட்டை, இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

ரயில் ஓட்டும் டேனியல் லீவரில் கை வைத்தபடி சொன்னான். "அட்த்த ரவுண்டு ஏறிக்கலாம் சார்."

"அந்தப் பெரிய மனுஷர் யாரு? சீசன் பாஸா?"

"காலைல ஆள ஏத்தறதுக்கு முன்னாடி மூட்டைய வெச்சி ஓட்டிப் பாப்போம் சார். வெயிட்டு டெஸ்டிங்."

"நானும் டெஸ்டிங்தான் அண்ணா. டெஸ்டிங் முடிஞ்சா எடுத்துடணும். மத்த சீட்ல எல்லாம் எடுத்துட்டீங்களே?"

"அத்த எடுக்க மாட்டோம்." டேனியல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வாணாம் சார். அட்த்த ரவுண்டு."

அப்போதுதான் மழைத்துளி ஒன்று ஷ்யாம்சுந்தரின் மூக்கில் விழுந்தது. மழை வந்தால் நிறுத்திவிடுவார்கள். அடுத்த ரவுண்டு இருக்காது. காலையில் சிரித்து முழுங்கிய அவமானமெல்லாம் திரும்பி வந்தது. ஒரு மூட்டைக்கு இடம் இருக்கிறது, என் பெண்ணுக்கு இல்லையா? கூகுளில் ஒரு ஸ்டார் போடுவேன் என்றான். அதைச் சொல்லும்போதே தன் குரல் தனக்கே அற்பமாகக் கேட்டது. இருந்தும் நிறுத்தவில்லை.

கம்பி வேலியோரம் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை, சவரம் செய்யாத முகம், கையில் பிடித்துக்கொள்ள எந்தக் குழந்தையும் இல்லை. ஷ்யாம்சுந்தர் கடைசிப் பெட்டியை நோக்கி நடந்தபோது அவர் ஓரடி முன்னால் வந்தார். வாய் திறந்தது.

மூடிக்கொண்டது.

ஷ்யாம்சுந்தர் பெல்ட்டைக் கழற்றி மூட்டையைத் தூக்கினான். எதிர்பார்த்ததைவிடக் கனம். தூங்கிப்போன குழந்தையைக் காரிலிருந்து இறக்குகிற மாதிரி, அது தோளில் சரிந்து படிந்தது. கீழே வைத்தான். ஸஹானாவைத் தூக்கி உட்கார வைத்து, பெல்ட்டைத் தானே மாட்டினான்.

"நீங்கதான் வெச்சீங்க, நான் வெக்கல" என்றான் டேனியல். பிறகு லீவரை இழுத்தான்.

முதல் சுற்றில் ஸஹானா இரண்டு கையையும் ஆட்டினாள். மிருதுளா வீடியோ எடுத்தாள். ரயில் குகைக்குள் போக, குழந்தைகள் கத்த, மறுபக்கம் வெளியே வந்தது.

இரண்டாவது சுற்றில் ஸஹானா கை ஆட்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

மூன்றாவது முறை ரயில் குகைக்குள் போனது.

கத்தல் நின்றது.

இரும்புச் சக்கரம் உருளும் ஓசை மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

ஷ்யாம்சுந்தரின் கெண்டைக்காலில் எதுவோ சாய்ந்தது. குனிந்து பார்த்தான். கீழே வைத்த மூட்டை. ஒரு கை தூரம் தள்ளித்தான் வைத்திருந்தான்.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

ரயில் வெளியே வந்தது. குழந்தைகள் விட்ட இடத்திலிருந்து கத்தினார்கள். ஸஹானா தானே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். கால் தரையில் பட்டதும் குனிந்து, சிமென்டைக் கையால் தடவிப் பார்த்தாள். அம்மாவிடமும் வரவில்லை, அப்பாவிடமும் வரவில்லை. நேராக வேலியோரம் போய் நீலச்சட்டைக்காரரின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார்.

"யாரும்மா அது?"

"தெர்லப்பா." அவள் சிரித்தாள். "பசிக்கிது. வூட்டுக்குப் போலாமா?"

வூடு. மேடவாக்கம் ஆறாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். "லெட்ஸ் கோ"வைத் தவிர வேறெதுவும் சொல்லி அவள் கிளம்பியதில்லை.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்று டேனியலைக் கேட்டான்.

"பயந்திருக்கும் சார்" என்று அவன் அடுத்த பெல்ட்டைக் கழற்றப் போனான்.

கார் வரைக்கும் நடந்தார்கள். அவள் மிருதுளாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டே வந்தாள். காரில் மிச்சமிருந்த தயிர்சாதத்தை விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். தயிர் வாடையே ஆகாத பெண்.

"மிருது, கொஞ்சம் பாரேன். இவ... ஸஹானா மாதிரி இல்ல."

மிருதுளா பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது என்றுதான் அவனுக்குப் பட்டது. ஒரு கணம் அவள் கண் கலங்கி நின்றது. பிறகு குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"எப்பப் பாத்தாலும் விளையாட்டுதானா உனக்கு? இப்பதான் சிரிக்கிறா. கெடுக்காத."

இருபது வருஷம் விளையாடித் தீர்த்தவன் பேச்சை யார் நம்புவார்கள்? மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு ஓடினான்.

மழை பிடித்துவிட்டது. டிராகன் ரயிலைச் சுற்றி ஆளில்லை. டேனியல் மூட்டையைத் தூக்கிக் கடைசிப் பெட்டியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டிருந்தான். மேலே தகரக் கூரை. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ஆனாலும் மூட்டையின் மேல்பக்கம், கட்டிய கயிற்றுக்குச் சற்றுக் கீழே, அருகருகே இரண்டு ஈரப் பொட்டுகள். ஷ்யாம்சுந்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பெரிதாகி, ஒன்றையொன்று தொடாமல் கீழே வழிந்தன.

அவன் மூட்டையை வாரி அணைத்துத் தூக்கப் பார்த்தான். இம்மியும் நகரவில்லை. கொஞ்ச நேரம் முன்பு தோளில் போட்டு இறக்கியவன்தான். காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். ரயில்தான் குலுங்கியது.

"என் பொண்ணு எங்க?"

டேனியல் பெல்ட்டை எடுத்தான்.

"அண்ணா, உங்க கால்ல விழறேன். தமாஷ் இல்ல. என் பொண்ணு எங்க?"

டேனியல் பெல்ட்டை மாட்டினான். மெதுவாக, வலிக்காமல் மாட்டுகிற மாதிரி. பிறகு அன்றைக்கு முதல் தடவையாக ஷ்யாம்சுந்தரின் கண்ணைப் பார்த்தான்.

"இதோ, இங்கதான் கீது சார். நீங்க உங்க கார்ல ஒக்கார வெச்சிருக்கிறது சவுரிமுத்து அண்ணன் கொயந்த. வேலியாண்ட நின்னாரே, அவரு. நாலு வருசத்துக்கு முன்னாடி உங்கள மாரியே என்னோட மல்லுக்கு நின்னு, அவரே ஒக்கார வெச்சாரு. பெத்தவங்க யாராச்சும் தன் கையால மூட்டைய எறக்கி, தன் கொயந்தைய வெச்சாத்தான் உள்ள கீறது வெளிய வரும். உங்களால இனிமே தூக்க முடியாது. இன்னொருத்தரு வரணும். ஞாயித்துக்கெழம கும்பல் ஜாஸ்தி, வந்து நில்லுங்க. அவரும் வாராவாரம் வந்து நின்னாரு. இத்தினி வருசத்துல எத்தினியோ பேரு மூட்டையத் தூக்க வந்தாங்க. அல்லாரையும் அவரே கையப் புடிச்சி தடுத்து அனுப்பிச்சாரு. நல்ல மனுசன் சார். இன்னிக்கிதான் வாய மூடிகினாரு."