மருந்து படாத மண்

காலை ஏழரை மணி. காய்கறிக் கடைக்காரர் சமையலறை மேசையில் தலை சாய்த்தபடி செத்துக் கிடந்தார். எதிரே காலி டம்ளர், பாதி கடித்த வெள்ளரிக்காய்.

மனைவிக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. அடுப்பை அணைத்தாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். வயிற்றில் விஷமாம். போதாதா? செத்தவரின் அண்ணன், இயற்கை விவசாயி, வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"இவதான் மேடம் கொன்னா! கடைக் காய் அத்தனையும் பூச்சிமருந்து. என் தோட்டத்துல அது ஒரு சொட்டு படாது. வேப்பங்கொட்டையும் புகையிலையும் ஊறவெச்சுத் தெளிக்கிறவன் நான். தினம் பாகற்காய்ச் சாறு அனுப்பித்தான் அவனை இத்தனை நாள் காப்பாத்தினேன்!"

தன்னைப் பிடித்துக்கொண்டு போனால் பள்ளிக்கூடத்திலிருந்து மகளை யார் கூட்டிவருவார்கள்? அவளுக்கு அது ஒன்றுதான் ஓடியது.

"வெள்ளரிக்காய் நீங்களும் சாப்பிட்டீங்களாம்மா?"

"அதே காய்தான். ஆளுக்குப் பாதி."

"சாறு?"

"அவருக்கு மட்டும்."

"சிகரெட் பிடிப்பாரா?"

"வாசனையே ஆகாது மேடம்."

இன்ஸ்பெக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "கடைக் காய்ல மருந்து ஒட்டியிருக்கும், கழுவித்தான் சாப்பிடணும். அதுக்காக அரை வெள்ளரிக்காய்ல ஆள் விழமாட்டான். வயித்துல இருந்தது நிகோடின். புகையிலை விஷம். சாறு வந்த பாட்டில்லயும் அதேதான். இயற்கைன்னா விஷமே இல்லன்னு ஊரே நம்புது. அந்தத் தைரியத்துலதான் புகையிலை ஊறவெச்சதை நீங்களே வாய்விட்டுச் சொன்னீங்க. கசப்போட கசப்பு கலந்தா யாருக்குத் தெரியும்?"

அண்ணன் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பா நிலத்துல அவன் பங்கை விக்கப் பார்த்தான். வாங்கறவன் மருந்தடிப்பான், காத்துல என் பக்கம் வந்துடும். பத்து வருஷமா சுத்தமா வெச்சிருந்த மண்ணு மேடம்!"

"மண்ணுல விஷம் படக்கூடாது. தம்பி வயித்துல படலாமா?"

அண்ணனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் அவள் மெல்லச் சொன்னாள்:

"ஒரு வாய் குடிச்சிட்டு, இன்னைக்கு ரொம்பக் கசக்குதுன்னு கீழ வெச்சிட்டாரு. கசந்தாத்தான் உடம்புக்கு நல்லது, மூச்சுவிடாம குடிங்கன்னு நான்தான் கையில எடுத்துக் கொடுத்தேன்."

"கொன்னது நீங்க இல்லம்மா. ஆளைப் பிடிச்சாச்சு."

"அதைக் கேக்கல மேடம். அந்த ஒரு வாயோட நிறுத்தியிருந்தா பொழைச்சிருப்பாரா?"