கழற்றிய மைக்

மைக்கின் வயரைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் ஒலிப்பதிவு நிற்கவில்லை.

மாத்தளைக் கடைத்தெருவில், மாடியிலிருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் மங்கையற்கரசி தனியாக இருந்தாள். இரண்டாயிரத்து எட்டு, ஒரு ஞாயிறு பின்னேரம். தகரக் கூரையில் மழை ஒரே சீராக இறங்க, கீழ்க்கடைகளின் ஏலக்காயும் ஈரச் சாக்கும் கலந்த வாடை மேலேறி வந்து, சாத்திய ஜன்னல்களுக்குள் தேங்கிக் கிடந்தது. வகுப்பை நடத்தியவன் அவள் புருஷன் சிவராசா. தைப்பொங்கலுக்கு முன்னால் நாலந்தா ரோட்டில் வேனில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஆமிக் கேம்பில் கேட்டாலும் அப்படி ஒருத்தன் இல்லை என்றார்கள். இந்த ஒலிப்பதிவு ப்ரோக்ராம் அவன் எழுதியது.

அவனிடம் படித்த பாறூக்குக்கு ஃபோன் எடுத்தாள்.

"ஸ்ட்ரேஸ் போட்டுப் பாருங்க டீச்சர். ப்ரோக்ராம் சிஸ்டத்துக்கிட்ட கேக்கிறது ஒவ்வொண்ணும் வரி வரியா ஓடும்."

போட்டாள். ரீட், ரீட், ரீட் என்று திரை ஓடியது.

"மைக்க வாசிச்சுக்கிட்டே இருக்கு, பாறூக்."

"வாசிச்சதில என்ன இருக்கு?"

"எல்லாம் பூச்சியம்."

"அப்ப சத்தமே இல்ல. ப்ரோக்ராமக் கில் பண்ணி நிப்பாட்டிட்டு வீட்டுக்குப் போங்க."

ஃபோனை வைத்து, விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனபோது பூச்சியங்கள் கலைந்தன. எழுத்தும் குறியுமாக வரிகள் தடித்தன, மெல்ல மெலிந்து பூச்சியமாயின, மறுபடி தடித்தன. படுக்கையில் பக்கத்தில் கிடப்பவரின் மார்பு ஏறி இறங்குவதைப் போல, ஒரே இடைவெளியில்.

மூச்சு.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். திரையில் அது நிற்கவில்லை.

மைக்கைக் கையிலெடுத்தாள். வயரின் முனை அந்தரத்தில் ஆடியது.

"நீங்களா?"

பூச்சியம். திரை முழுக்க.

"எங்க இருக்கீங்க?"

புதிதாக ஒரு வரி. ஓப்பன். ப்ரோக்ராம் ஸ்பீக்கரைத் திறந்தது. அதற்குக் கீழே, ஸ்பீக்கருக்கு எழுதும் வரிகள்: ரைட். ரைட். ரைட்.

ஸ்பீக்கர் கரகரத்தது. தண்ணீர் சொட்டியது. இரும்பு நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. பிறகு, அவள் ஒருநாளும் கேட்டிராத ஆண்குரல், சாவகாசமாக:

"இப்ப பேசினது யாரு?"

"யாருமில்லைங்க ஐயா." சிவராசா.

ஒரு அடி விழுந்தது. இன்னொன்று.

நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. அது அவன் குரல்.

"யாரு?"

"என்... பொண்டாட்டிங்க."

"எங்க இருக்கா?"

வாய்க்குள் முஷ்டியைத் திணித்துக்கொண்டாள்.

சொட்டு. சொட்டு.

சிவராசா அழத் தொடங்கினான். அழுதபடியே, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து, வழி சொன்னான்.