ஐந்தாம் இடத்தில் இரண்டு பேர்

2010 மார்ச் 2, செவ்வாய்க்கிழமை. நமுனுகுல மலையடியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் சுவரில், கொழுந்து எடுக்கும் 64 பெண்களின் பட்டியல் ஒட்டப்பட்டது.

பெப்ரவரியில் யார் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று கணினி வரிசைப்படுத்தியிருந்தது. முதல் இருபது பேரைத் தோட்டமே பொத்துவிலுக்குக் கடல் பார்க்க அழைத்துப் போகும்.

பத்து வயது சிவரூபி பட்டியலைப் படித்தாள். அவளுடைய அம்மா கருப்பம்மா 53ஆம் இடத்தில் இருந்தார்.

கருப்பம்மா கடலைப் பார்த்ததே இல்லை. தனக்குக் கீழேயும் பதினொரு பேர் இருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். ஆனால் பயணத்துக்கென்று வாங்கிய செருப்பை மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

சிவரூபி திரும்பப் போய்ப் பட்டியலைப் பார்த்தாள். கடைசிப் பதினாறு பேரும் நாலாம் மலையில் வேலை செய்பவர்கள். அங்கே போன வருடம் கவ்வாத்து நடந்தது. முழங்கால் உயரத்துக்கு வெட்டிய செடிகள் இப்போதுதான் துளிர்க்கின்றன. அந்த மலையில் யாராலும் கூடையை நிரப்ப முடியாது.

பட்டியல் தயாரித்தவர் ஆபீஸ் கிளாக்கர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர். சிவரூபி அவரிடம் போய், இந்த வரிசை சரியில்லை என்றாள்.

"கணினி பிழை விடாது பிள்ளை. நான் கிலோவைக் குடுத்தன், அது இடத்தைக் குடுத்தது" என்றார்.

"எங்க ஸ்கூல் போட்டியில பத்து வயசுப் பிள்ளைங்களையும் பதினாறு வயசு அண்ணன்களையும் ஒண்ணா ஓட விடமாட்டாங்க, கிளாக்கரய்யா. நாலு மலையையும் தனித்தனியா எண்ணுங்களேன். மலைக்கு அஞ்சு பேர்."

ஜெயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கணினிக்குக் கொடுத்த கட்டளையில் பிரித்து எண்ணச் சொல்லும் 'பார்ட்டிஷன் பை' என்பதைச் சேர்த்து, மலை எண்ணைக் குறிப்பிட்டார். ஒரு பெயரும் அழியவில்லை, ஒரு கிலோவும் மாறவில்லை. ஒவ்வொரு மலையிலும் வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

நாலாம் மலையில் கருப்பம்மா ஐந்தாவது.

சிவரூபி துள்ளினாள். அப்போது அடுத்த வரி கண்ணில் பட்டது. ஆறாவது, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் குணமணி. இருவருக்கும் 212 கிலோ.

அவள் புத்தகப் பையின் பட்டியைத் திருகிக்கொண்டு நின்றாள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

"குணமணி அத்தையும் அதே கிலோதானே? அவங்க மட்டும் ஏன் ஆறு?"

ஜெயரட்ணம் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நான் ரோ நம்பர் எண்டு கேட்டிருக்கிறன். அது சமமாய் இருந்தாலும் ஆளுக்கொரு எண் போடும். ராங்க் எண்டு கேட்டால் சமமானவைக்கு ஒரே இடம்."

மாற்றினார். இருவரும் ஐந்து. அடுத்தவர் ஏழு.

"ஆறைக் காணோமே?"

"ஐந்தில ரெண்டு பேர் நிக்கினம். ஆறுக்கு ஆர் மிச்சம்?"

ஆனால் பஸ்ஸில் இருபத்தொரு இருக்கைகள்தான். அதில் ஒன்று ஜெயரட்ணத்துக்கு. சிவரூபி அவரையே பார்த்தாள்.

"சரி, சரி, அப்பிடிப் பாராதையும்" என்றார் அவர்.

மாலையில் புதிய பட்டியல் ஒட்டப்பட்டது. இடம் இழந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நாலாம் மலையில் ஒரு நாள் எடுத்துப் பார்க்கிறீர்களா என்று கருப்பம்மா கேட்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, இருபத்தொரு பெண்களுடன் பஸ் பொத்துவிலுக்குப் போனது. ஜெயரட்ணம் நடைவழியில் போட்ட மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து போனார்.